செல் மேல இருக்கிற சர்க்கரை வேற, ரத்தத்துல ஏறுற சுகர் வேறயா? பாப்பா ரிப்போர்ட் பத்தி கேக்கணும்

பலமனேர் வெல்லம்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. எங்களுக்கு பலமனேர் பக்கம் ஊரு, ஆந்திரா ஆனாலும் வீட்ல தமிழ்தான், தாத்தா காலத்துல இருந்து கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சற குடும்பம். எங்க அக்காவை எங்க அம்மாவோட கடைசி தம்பிக்கே குடுத்தோம். அவங்க பொண்ணுக்கு இப்ப அஞ்சு வயசு. பொறந்ததுல இருந்தே உடம்பு துவண்டு துவண்டு இருக்கும், கழுத்து நிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, மாறுகண்ணு, சும்மா சும்மா வாந்தி பேதி, எடையே ஏறாது. நாலு வருஷமா மூளை வாதம்னு சொல்லி பிசியோ பண்ணிட்டு இருந்தோம். போன வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் பாத்து சிறுமூளை சின்னதா இருக்குன்னு ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, ரிப்போர்ட்ல பிஎம்எம்2, கிளைக்கோசைலேஷன் கோளாறுன்னு வந்திருக்கு. அதை எடுத்துட்டு ஊர்ல பாக்கற டாக்டர்கிட்ட காட்டினா அவரு ரெண்டு நிமிஷத்துல "இது சுகர் சம்பந்தப்பட்ட வியாதி"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

அன்னிக்கு ஆரம்பிச்சது. எங்க ஆயா பாப்பாக்கு இனிப்பே குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, வாழைப்பழம் கூட கிடையாது. அக்கா மாசமா இருந்தப்ப ஆலையில கொப்பரை பக்கத்துல உக்காந்து சூடு வெல்லம் சாப்ட்டா, அதனாலதான்னு சொந்தக்காரங்க பேசறாங்க. அக்கா அழுதுட்டே இருக்கா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும், இது சுகர் வியாதியா இல்லையா?

குடியாத்தம் கெமிஸ்ட்ரி டீச்சர்
தம்பி, முதல்ல உங்க அக்காகிட்ட போய் சொல்லுங்க, வெல்லத்துக்கும் இதுக்கும் துளி சம்பந்தம் கிடையாது. நான் முப்பது வருஷம் காலேஜ்ல உயிர்வேதியியல் எடுத்தவ, டாக்டர் இல்ல, அதனால மருந்து விஷயம் எல்லாம் உங்க ஜெனடிக்ஸ் டாக்டர்தான் சொல்லணும். ஆனா இது இன்னான்னு விளக்க முடியும்.

நாம சுகர்னு சொல்றது குளுக்கோஸ், ரத்தத்துல ஓடற எரிபொருள். அது ஒரு கதை. இன்னொரு கதை நம்ம செல்லு ஒவ்வொண்ணு மேலயும், நம்ம புரோட்டீன்ல பாதிக்கு மேலயும், குட்டி குட்டி மரம் மாதிரி சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும், அப்படி ஒட்டறதைத்தான் கிளைக்கோசைலேஷன்னு சொல்றது. மேனோஸ், கேலக்டோஸ், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம்னு விதவிதமான சர்க்கரை. இது எரிக்கறதுக்கு இல்ல, அடையாளத்துக்கு. மாங்கா சீசன்ல சித்தூர் மண்டியில இருந்து லாரி போறப்ப ஒவ்வொரு கிரேட்லயும் சீட்டு ஒட்டுவாங்க இல்ல, இது எந்தக் கம்பெனி, எந்த ஊருன்னு, அந்தச் சீட்டு மாதிரி. இந்தப் புரோட்டீன் எங்க போகணும், எவ்ளோ நாள் ரத்தத்துல இருக்கணும், எவன் கூட ஒட்டணும், எல்லாம் அந்த மரத்தைப் பாத்துதான் உடம்பு முடிவு பண்ணும்.

ஐ-செல் வியாதின்னு ஒண்ணு உண்டு, அதுல புரோட்டீன் எல்லாம் நல்லாவே தயாராகும், மேனோஸ் மேல பாஸ்பேட்டுங்கற அந்த ஒரு சீட்டு மட்டும் ஒட்டாது. அவ்ளோதான், செல்லுக்குள்ள குப்பையை அரைக்கிற இடத்துக்குப் போக வேண்டிய என்சைம் எல்லாம் வழி தெரியாம வெளிய கொட்டிப் போயிடும், உள்ள குப்பை சேந்துகினே இருக்கும். சரக்குல குத்தம் இல்ல, சீட்டுலதான் குத்தம்.

உங்க பாப்பாக்கு அந்த மரத்தைக் கட்டற வேலையில முதல் படியிலயே ஒரு கை குறையுது. மரம் கட்ட மொத்தம் 14 சர்க்கரை வேணும், அதுல 9 மேனோஸ். அந்த மேனோஸை உபயோகத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற என்சைம்தான் பிஎம்எம்2. அது சரியா வேலை செய்யலன்னா மரம் பத்தாம போகும், பல புரோட்டீன் மொட்டையா வெளிய வரும். மூளை, கல்லீரல், குடல், ரத்தம் உறையறது, எல்லா இடத்துலயும் அதோட பாதிப்பு தெரியும். இந்த வகை வியாதியை முதல்ல கண்டு சொன்னது பெல்ஜியத்துல யாக் யேக்கன்னு ஒரு குழந்தை டாக்டர், 1980ல, இரட்டைப் பொண்ணுங்க ரெண்டு பேர்கிட்ட. பிஎம்எம்2 ஜீன் தெரிய வந்தது 1997ல. இப்ப இந்தக் குடும்பத்துல 150 வகைக்கு மேல இருக்கு, உங்களுது அதுல அதிகமா பாக்கற வகை.

காட்பாடி ரத்தவங்கி
டீச்சர் சொன்னதுக்கு நான் தினமும் கண்ணால பாக்கற சாட்சி சொல்றேன். ஏ, பி, ஓன்னு குரூப் சொல்றோமே அதுவே சர்க்கரைதான். சிவப்பணு மேல இருக்கற சங்கிலி நுனியில ஒரு வகை சர்க்கரை இருந்தா ஏ, கேலக்டோஸ் இருந்தா பி, ரெண்டும் ஒட்டாம அடிக்கட்டை மட்டும் இருந்தா ஓ. லாண்ட்ஸ்டைனர் 1901ல குரூப் பிரிச்சுச் சொன்னாரு, 1930ல நோபல் குடுத்தாங்க. ஒரே ஒரு சர்க்கரை வித்தியாசம், மாத்தி ஏத்தினா ஆள் போயிடுவாங்க.

அதுக்கும் மேல ஒண்ணு, அந்த ஓ அடிக்கட்டையே இல்லாதவங்க இருக்காங்க, பாம்பே குரூப். 1952ல பம்பாயில டாக்டர் பெண்டே கூட்டம் கண்டுபிடிச்சது. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ராத்திரி ஒரு மணிக்கு மாசமா இருந்த ஒரு அம்மாக்கு ரத்தம் கேட்டு வந்தாங்க, டெஸ்ட்ல ஓன்னு காட்டுது, ஆனா எந்த ஓ பையை வச்சுப் பாத்தாலும் கட்டி கட்டியா போகுது, ஒண்ணு ரெண்டு இல்ல எட்டு பை பாத்தேன், கை நடுங்கிடுச்சு. சீனியர் வந்து அந்த அடிக்கட்டையைப் பிடிக்கற ஆன்டி-ஹெச் வச்சுப் பாத்தாரு, ஒட்டவே இல்ல. பாம்பே. பெங்களூர்ல இருந்து ஒருத்தர் விடியக்காலை பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போனாரு. ஃபியூகோஸ்னு ஒரே ஒரு சர்க்கரை ஒட்டாததுக்கு இவ்ளோ அவஸ்தை. அந்த அம்மாவும் அத்தை மகனைக் கட்டினவங்களுக்குப் பொறந்த பொண்ணுதான்.

சித்தூர் சேகர்
அதையேதான் நானும் சொல்ல வந்தேன். மேனரிகம் மேனரிகம்னு சொத்து பிரியக் கூடாதுன்னு தாய்மாமனுக்கே கட்டி வைக்கிறது, அப்புறம் குழந்தை கஷ்டப்படறது. படிச்சவங்களே இதைத்தான் பண்றாங்க. கோவம்தான் வருது.

பலமனேர் வெல்லம்
அண்ணா அக்காக்கு அப்ப பத்தொம்பது வயசு. அவளைக் கேட்டா முடிவு பண்ணாங்க?

குடியாத்தம் கெமிஸ்ட்ரி டீச்சர்
சேகர், நீங்க சொல்றதுல உண்மை இருக்கு, ஆனா அதை இந்தத் தம்பிகிட்ட இப்படிச் சொல்லாதீங்க. கணக்கு இதுதான். தாய்மாமாக்கும் அக்கா மகளுக்கும் ஜீன்ல நாலுல ஒரு பங்கு பொதுவா இருக்கும், அத்தை மகன் மாமன் மகள்னா எட்டுல ஒண்ணு. தாத்தாவோ பாட்டியோ ஒருத்தர்கிட்ட மறைஞ்சு இருந்த ஒரே பழுது ரெண்டு பக்கமா இறங்கி வந்து குழந்தைகிட்ட ஜோடி சேர வழி அதிகம். உங்க ரிப்போர்ட்ல ரெண்டு காப்பியிலயும் ஒரே மாற்றம்தான் இருக்கும்னு நினைக்கறேன், பாருங்க. ஆனா ஐரோப்பாவுல சொந்தத்துல கட்டிக்கற வழக்கமே ரொம்பக் குறைச்சல், பிஎம்எம்2 குழந்தைகளை அதிகமா கண்டுபிடிச்சது அங்கதான். பழுதைச் சுமக்கறவங்க எல்லா ஊர்லயும் எல்லா ஜாதியிலயும் இருக்காங்க, சுமக்கறவங்களுக்கு ஒரு நோவும் தெரியாது. அக்கா சாப்ட்டதும் இல்ல, பாவமும் இல்ல, யாரும் தெரிஞ்சு பண்ணதும் இல்ல.

பலமனேர் வெல்லம்
பாத்தேன் டீச்சர். ரெண்டுலயும் ஒண்ணுதான் போட்டிருக்கு.

ரிட்டயர்டு கண்டக்டர்
நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். எனக்கு பதினஞ்சு வருஷமா சுகர், மூணு மாசத்துக்கு ஒருதரம் ஹெச்பி ஏ1சி எடுக்கறேன், அதுல கிளைக்கேட்டட்னு போட்டிருக்கான். அதுவும் இந்த மரம் ஒட்டற சமாச்சாரமா?

குடியாத்தம் கெமிஸ்ட்ரி டீச்சர்
நல்ல கேள்வி சார், பேரு ஒண்ணு மாதிரி இருக்கறதாலதான் குழப்பமே வருது. பாப்பா விஷயத்துல என்சைம் எல்லாம் உக்காந்து திட்டம் போட்டு மரம் கட்டணும். உங்க விஷயத்துல யாரும் கட்டல, ரத்தத்துல குளுக்கோஸ் ஜாஸ்தியா ஓடினா அது தானா போய் ஹீமோகுளோபின் மேல பிசுக்குன்னு ஒட்டிக்கும், வெல்லப் பாகு கையில ஒட்டற மாதிரி. சிவப்பணு 120 நாள் இருக்கும், அதனால ரெண்டு மூணு மாசக் கணக்கு அதுல தெரியும். சுகர்காரங்ககிட்ட இந்த ஹீமோகுளோபின் ஜாஸ்தின்னு 1968ல சொன்னவர் ஈரான்காரர், சாமுவேல் ரஹ்பர். பிசுக்கு கண்ணு, கிட்னி, நரம்புல எல்லாம் ஒட்டும், அதனால நீங்க இனிப்பைக் குறைங்க. பாப்பா குறைக்க வேண்டியது இல்ல.

தம்பி, இதைத் தனியா எழுதறேன். பிஎம்எம்2க்கு இனிப்பு நிறுத்தணும்னு எங்கயும் கிடையாது. எடை ஏறாத குழந்தைக்குச் சாப்பாட்டைக் குறைக்கறதுதான் ஆபத்து. டயட்டீஷியன்கிட்ட எழுதி வாங்கி அதை ஆயாகிட்ட படிச்சுக் காட்டுங்க.

நகரி தறி
எனக்கு இதெல்லாம் புதுசு, ஆனா ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா. எனக்கு முடக்கு வாதம், காலையில விரல் மடங்காது, தறியில உக்காரவே எட்டரை மணி ஆயிடும். ரெண்டாவது பையன் வயித்துல இருந்தப்ப வலியே இல்ல, நூல் முடிச்சு போடறதுல இருந்து குடம் தூக்கறது வரைக்கும் எல்லாம் பண்ணேன், சரியாயிடுச்சுன்னு மருந்தே நிறுத்திட்டேன், பொறந்து மூணாம் மாசம் முன்னைவிட ஜாஸ்தியா வந்துச்சு. குழந்தை பொறந்த திருஷ்டின்னு மாமியார் சொன்னாங்க. இதுலயும் சர்க்கரை இருக்கா?

குடியாத்தம் கெமிஸ்ட்ரி டீச்சர்
இருக்கு மா, நீங்க கேட்டது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நோய் எதிர்ப்புக்கு நம்ம உடம்பு செய்யற ஆன்டிபாடி இருக்கு இல்ல, அதோட இடுப்புல ஒரு சர்க்கரை மரம் இருக்கும். முடக்கு வாதக்காரங்களுக்கு அந்த மரத்து நுனியில கேலக்டோஸ் குறைச்சலா இருக்குன்னு 1985ல ஆக்ஸ்போர்டுல கண்டுபிடிச்சாங்க. கேலக்டோஸ் இல்லாத ஆன்டிபாடி நம்மளையே கடிக்கற பக்கம் சாயும். மாசமா இருக்கறப்ப அந்த கேலக்டோஸ் கூடுது, வலி அடங்குது, பிரசவத்துக்கு அப்புறம் திரும்பக் குறையுது, வலி வருது. இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, ஹார்மோனும் மத்ததும் சேந்துதான் நடக்கும். ஆனா உங்க உடம்புல நடந்தது நெஜம், திருஷ்டி இல்ல. மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க மா.

நகரி தறி
பத்து வருஷமா அதை மனசுல வச்சுட்டு இருந்தேன். ரொம்ப நன்றி டீச்சரம்மா.

குப்பம் கோழிப்பண்ணை
2024 பிப்ரவரியில நெல்லூர்ல பறவைக் காய்ச்சல்னு கோழியை எல்லாம் அழிச்சாங்க, எங்க பண்ணையிலயும் ரெண்டு மாசம் முட்டை போகாம கெடந்துச்சு. அப்ப வந்த வெட்னரி டாக்டர் ஒருத்தர் கோழி தொண்டையும் மனுஷன் தொண்டையும் சர்க்கரையில வேறன்னு சொன்னாரு, அன்னிக்கு ஏதோ பேச்சுக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன். இதைப் படிச்சதும் ஞாபகம் வந்துச்சு.

வேலூர் பாரா மெடிக்கல்
சரியாத்தான் சொல்லியிருக்காரு அண்ணா, எங்களுக்குப் பாடத்துலயே வருது. ஃப்ளூ காய்ச்சல் வைரஸ் செல்லுல ஏறுறது சியாலிக் அமிலங்கற சர்க்கரையைப் பிடிச்சுதான். அந்தச் சர்க்கரை அடுத்த சர்க்கரையோட சேர்ற கோணம் கோழிக்கு ஒரு மாதிரி, நம்ம மூக்கு தொண்டையில வேற மாதிரி. கோழி வைரஸுக்கு நம்ம தொண்டையில பிடி சரியா கிடைக்காது, அதனால மனுஷனுக்கு சுலபமா தொத்தாது. ஆனா நுரையீரல் அடியில கோழி மாதிரி கோணமும் இருக்கு, அதனால பண்ணையில செத்த கோழி பக்கத்துலயே நாள் பூரா இருந்து ஆழமா மூச்சுல போச்சுன்னா ரொம்ப மோசமாயிடும். மாஸ்க், கையுறை விடாதீங்க.

ஹெச்1 என்1னு சொல்றோமே, அதுல ஹெச் சர்க்கரையைப் பிடிக்கற கை, என் அதை வெட்டிட்டு வெளிய வர்ற கத்தி. டாமிஃப்ளூங்கற ஃப்ளூ மாத்திரை அந்தச் சர்க்கரை மாதிரியே வேஷம் போட்டு கத்தியில போய் மாட்டிக்கும்.

இன்னொண்ணு, எங்களுக்குப் பெருமையான விஷயம். இந்த சியாலிக் அமிலத்துல உலகத்துலயே பேர் வாங்கின அஜித் வர்கி நம்ம வேலூர் சிஎம்சியில எம்பிபிஎஸ் படிச்சவர், அப்புறம் அமெரிக்காவுல சான் டியாகோல ஆராய்ச்சி. சிம்பன்சில இருந்து மாடு ஆடு வரைக்கும் இருக்கற ஒரு வகை சியாலிக் அமிலம் மனுஷனுக்கு லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே ஜீன் உடைஞ்சு காணாம போச்சுன்னு காட்டினது அவங்க கூட்டம்தான்.

பலமனேர் வெல்லம்
எல்லாரும் எழுதறதைப் படிச்சுட்டே இருக்கேன். டீச்சர், மாமா நெட்ல பாத்துட்டு மேனோஸ் பொடின்னு ஒண்ணு விக்கிறான், அதைக் குடுத்தா சரியாயிடும்னு போட்டிருக்கான்னு சொல்றாரு. ஒரு டப்பா விலை எங்களுக்கு ஒரு வண்டி கரும்பு விலை. வாங்கலாமா?

குடியாத்தம் கெமிஸ்ட்ரி டீச்சர்
வாங்காதீங்க தம்பி. அதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் ஏமாந்து போறாங்க. எம்பிஐன்னு இன்னொரு வகை இருக்கு, அதுக்கு மேனோஸ் குடுத்தா நெஜமாவே கேக்கும். உங்களுக்கு ஏன் கேக்காதுன்னு உங்க ரோட்டை வச்சே சொல்றேன். சித்தூர்ல இருந்து பலமனேர் வந்து அங்க இருந்து பெங்களூர் போறோம்னு வச்சுக்கோங்க. மொகிலி மலைப்பாதையில ரோடு அடைச்சுக்கிச்சுன்னா இன்னா பண்ணுவோம், குடியாத்தம், சைனகுண்டா வழியா சுத்திப் பலமனேர் சேந்துடுவோம். அதான் எம்பிஐ வகை, மேனோஸ் பொடி அந்தச் சுத்து வழி. உங்க பாப்பாக்கு அடைப்பு பலமனேர் தாண்டி, அதாவது மேனோஸ் உள்ள வந்தப்புறம் பிஎம்எம்2 அதை மாத்தற இடத்துல. எந்த வழியா எத்தினி வண்டி பலமனேருக்கு வந்தாலும் அங்கயே நிக்கும்.

சுகர்காரங்க நரம்புக்குக் குடுக்கற எபால்ரெஸ்டாட்ங்கற மாத்திரையை பிஎம்எம்2க்கு சோதிச்சுப் பாக்கறாங்க, அது நம்ம ஊர் மெடிக்கல்லயே கிடைக்கும், அதுக்காக யாரும் சொந்தமா வாங்கிக் குடுத்துடாதீங்க. டாக்டர்கிட்ட கேளுங்க. பிசியோ, பேச்சுப் பயிற்சி, கண்ணு, இதை மட்டும் விடாதீங்க. இந்தக் குழந்தைகளுக்கு முதல் சில வருஷம்தான் ரொம்பக் கண்டம், அதைத் தாண்டினா நிறைய பேர் நிலையா இருக்காங்க, பெரியவங்க ஆனவங்களும் இருக்காங்க. அஞ்சு வயசு ஆச்சுன்னா உங்க அக்கா எவ்ளோ பாத்துப் பாத்து வளத்திருக்கான்னு எனக்குத் தெரியுது.

பலமனேர் வெல்லம்
இன்னொண்ணு சொல்லாம விட்டுட்டேன். அக்காக்கு இப்ப ரெண்டாவது, ஏழு வாரம். வீட்ல இன்னும் நாலு பேருக்குத்தான் தெரியும். ராத்திரி தூக்கம் இல்ல யாருக்கும்.

காட்பாடி ரத்தவங்கி
தம்பி உடனே ஜெனடிக்ஸ் டாக்டரைப் பாருங்க, ஒரு வாரம் கூட தள்ளாதீங்க. அக்கா, மாமா ரெண்டு பேரும் சுமக்கறவங்கன்னா ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு வாய்ப்புதான் பாதிக்க, நாலுல மூணு நல்லாவே பொறக்கும். முன்னாடி ஒண்ணு ஆச்சு, இனி மூணு நல்லதுன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு தடவையும் கணக்கு புதுசா ஆரம்பிக்கும். பாப்பாவோட ஜீன் மாற்றம் ஏற்கனவே தெரிஞ்சு போனதால, பதினோராவது வாரத்துக்கு மேல நஞ்சுக்கொடியில இருந்து துளி எடுத்துப் பாத்து சொல்லிடலாம். ஆண் பொண்ணு பாக்கறது இல்ல இது, சட்டப்படி அனுமதி உண்டு, பயப்படாதீங்க.

குடியாத்தம் கெமிஸ்ட்ரி டீச்சர்
அதோட ஒண்ணு. டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அந்தப் புரோட்டீன் மேல வழக்கமா நாலு சியாலிக் அமிலம் இருக்கும், பாப்பா மாதிரி குழந்தைக்கு ரெண்டு, இல்லன்னா ஒண்ணுமே இல்லாம வரும். பொறந்த குழந்தைக்கு சந்தேகம்னா அதுதான் முதல் டெஸ்ட். ஆனா வயித்துல இருக்கறப்ப அதை நம்பக் கூடாது, பழுது இருந்தாலும் சரியா இருக்கற மாதிரியே காட்டும், பொறந்த முதல் சில வாரத்துலயும் ஏமாத்தும். இப்ப ஜீன் டெஸ்ட் மட்டும்தான். யாராவது ரத்தம் போதும்னு சொன்னா திருப்பிக் கேளுங்க.

சித்தூர் சேகர்
தம்பி நான் அன்னிக்கு எழுதினதுக்கு மன்னிச்சுக்கோ. எங்க வீட்லயும் மேனரிகம்தான், என் தம்பி பையன் எட்டு வயசுல போயிட்டான், எதனாலன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லல. அந்தக் கோவம். ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டி வேணும்னா சொல்லு, நான் வரேன்.

பலமனேர் வெல்லம்
சேகர் அண்ணா, பரவால்ல. வண்டி கண்டிப்பா கேக்கறேன்.

ஒரு வாரமா எழுத முடியல. டாக்டரைப் பாத்தாச்சு, அக்காக்கும் மாமாக்கும் ரத்தம் எடுத்தாங்க, பன்னெண்டாவது வாரம் தேதி குடுத்திருக்காங்க, அதுக்கப்புறம் ரிசல்ட்டுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். மேனோஸ் பொடி டாக்டரும் வேணாம்னுட்டாரு. டயட்டீஷியன் எழுதிக் குடுத்ததை எடுத்துட்டு வந்து ஆயா முன்னாடி சத்தமா படிச்சேன், நெய், பருப்பு, முட்டை, வாழைப்பழம், வெல்லம்னு வர்றப்ப ஆயா நிறுத்தி இன்னொரு தரம் படிடான்னாங்க. படிச்சேன். ஒண்ணும் பேசல, எழுந்து ஆலைக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் வர்றப்ப முந்தானையில கொஞ்சம் புது வெல்லம் முடிஞ்சு எடுத்துட்டு வந்தாங்க, விரல்ல நசுக்கி நசுக்கி பாப்பா வாயில வச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சு. பாப்பா ஆயா விரலை விடவே இல்ல.

அப்புறம் ஒரு சந்தேகம். பாப்பாக்கு கடவாப் பல்லு ஒண்ணு சொத்தை, பலமனேர்லயே எடுத்துடலாம்னு இருக்கோம். டீச்சர் முதல்ல ரத்தம் உறையறதுன்னு ஏதோ எழுதியிருந்தீங்களே, அதை பல் டாக்டர்கிட்ட சொல்லணுமா?

குடியாத்தம் கெமிஸ்ட்ரி டீச்சர்
கட்டாயம் சொல்லணும் தம்பி. ரத்தம் உறைய வைக்கற புரோட்டீனும் உறையாம பாத்துக்கற புரோட்டீனும் ரெண்டுமே இந்த வியாதியில குறையும், அதனால நிக்காமயும் போகலாம், தேவையில்லாத இடத்துல கட்டியும் போகலாம். பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி உறையற டெஸ்ட் எல்லாம் எடுத்து ஜெனடிக்ஸ் டாக்டர்கிட்ட கேட்டுட்டு, வசதி இருக்கற ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும், கிளினிக்ல வேணாம். காய்ச்சல் வந்து வாந்தி பேதி ஆச்சுன்னா தண்ணிச் சத்து குறைய விடாதீங்க, திடீர்னு ஒரு பக்கம் கை கால் அசைக்கலன்னா, கூப்ட்டா பாக்கலன்னா காத்திருக்காம தூக்கிட்டு ஓடுங்க. ரிப்போர்ட் காப்பி ஒண்ணு எப்பவும் பையிலயே இருக்கட்டும்.

பலமனேர் வெல்லம்
சரிங்க டீச்சர். நாளைக்கே ஜெராக்ஸ் எடுத்து அக்கா பையில ஒண்ணு, மாமா வண்டியில ஒண்ணு வச்சிடறேன். ரிசல்ட் வந்ததும் இங்க எழுதறேன்.